தாத்தா எந்தப் பட்டாளம்? போர்க்காலப் பதிவு தேடும் மலையகக் குடும்பங்களுக்கு ஒரு ஒப்பீடு

இலங்கை மலையகத்தில் சில தேயிலைத் தோட்டங்களில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஒரு லயக் காம்பராவை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஒரு அறையை, காட்டுவார்கள். அந்தப் பட்டாளத்தார் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். பிள்ளைகள் காலத்தில் யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. இப்போது பேரப்பிள்ளைகள் கொழும்பிலும் டொரன்டோவிலும் இருந்துகொண்டு, ‘தாத்தா இரண்டாம் உலக யுத்தத்தில் இருந்தாராமே, அவருடைய ஃபைல் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்கிறார்கள். கேட்ட கையோடு லண்டனுக்கு எழுதியும் விடுகிறார்கள். இன்டர்நெட்டில் தேடினால் முதலில் வந்து நிற்பது பிரிட்டிஷ் தளங்கள்தான், அதனால் வருகிற வினை.

தேட ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. வீட்டுப் பெட்டியும் தோட்டத்துப் பழைய தாள்களும் ஒன்று. இலங்கை அரசின் அலுவலகங்கள் ஒன்று. பிரிட்டன், இந்தியா இரண்டும் தனித்தனி வழிகள். போரில் இறந்தவர் என்றால் போர்க் கல்லறைப் பட்டியல். கடைசியாகக் காசு வாங்கிக்கொண்டு தேடிக்கொடுப்பவர்கள். இவற்றில் எதில் இறங்கலாம் என்பது ரசனையைப் பொறுத்த விஷயமில்லை. அவர் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. அது தெரியாமல் எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் ‘எங்களிடம் இல்லை’ என்ற ஒரே பதில்தான் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ‘தாத்தா பொய் சொல்லிவிட்டார்’ என்று முடிவுகட்டிய குடும்பங்களும் உண்டு.

சம்பளம் கொடுத்தது யார்?

மலையகத்திலிருந்து யுத்தத்துக்குப் போனவர்களை நான்கு கூட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, இலங்கைப் பாதுகாப்புப் படை. 1910இல் உருவான இந்தப் படையை 1939 செப்டம்பரில் யுத்தம் தொடங்கும்போதே முழுநேரச் சேவைக்கு அழைத்துவிட்டார்கள். சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படை, சிலோன் கரிசன் ஆட்டிலரி என்ற பீரங்கிப் படை, மருத்துவப் பிரிவு, பொறியியல் பிரிவு என்று பல பகுதிகள் இதற்குள் இருந்தன. பெரும்பாலானவர்கள் தீவுக்குள்ளேயே துறைமுகங்களையும் கரையோரத்தையும் காவல் காத்தார்கள். ஆட்டிலரிக்காரர்களில் ஒரு பகுதி இந்தியப் பெருங்கடலில் உள்ள கொக்கோஸ் தீவுகளுக்குப் போனது. 1942 மே மாதம் அங்கே நடந்த கலகத்துக்காக மூன்று இலங்கைச் சிப்பாய்களை வெலிக்கடையில் தூக்கிலிட்டது இந்தப் படையின் வரலாற்றில்தான் வருகிறது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸும் இதே படையில் அடங்கியதுதான், ஆனால் அதில் இருந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார் மட்டுமே. ‘எங்கள் தாத்தா பிளான்டர்ஸ் ரைபிள்ஸில் இருந்தார்’ என்று ஒரு தோட்டத்துக் குடும்பம் சொன்னால், துரையோடு வேலையாளாகப் போனாரா என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன்.

இரண்டாவது, பிரிட்டிஷ் தரைப்படை. பயனியர் (ராணுவத்தின் உடலுழைப்பு வேலைப் பிரிவு), சப்ளை, பொறியியல் போன்ற பிரிவுகளில் இலங்கையர்கள் சேர்ந்து மத்திய கிழக்கு, இத்தாலி வரைக்கும் போனார்கள். இவர்கள் கொழும்பில் கப்பல் ஏறியவர்கள்.

மூன்றாவது, இந்திய ராணுவம். மலையகக் குடும்பங்கள் அதிகம் மறந்துபோகிற வழி இதுதான், அதிகம் பலன் தரக்கூடியதும் இதுதான். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்குத் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கத்து ஊரோடு போக்குவரத்து அறுந்திருக்கவில்லை. 1939 ஆகஸ்ட் 1இலிருந்து இந்திய அரசு இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வருவதைத் தடைசெய்தது. ஊருக்குப் போனவர்கள் நினைத்த நேரம் திரும்பிவர முடியாத நிலை அப்புறம் வந்தது. அப்படி ஊரில் மாட்டிக்கொண்ட இளவட்டங்கள் அங்கேயே பேர் கொடுத்துப் பட்டாளத்தில் சேர்ந்த கதைகளைப் பல லயங்களில் கேட்கலாம். மதராஸ் மாகாணத்தில் ஆள் சேர்ப்பும் அப்போது மும்முரமாக நடந்தது.

நான்காவது கூட்டம், ராணுவத்துக்கு வேலை பார்த்த சாதாரண ஆட்கள். 1944 ஏப்ரலில் நேசநாட்டுப் படைகளின் தளபதி மௌண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூந்தோட்டத்துக்குள் அலுவலகங்கள் முளைத்தன. தியத்தலாவையில் முன்பே முகாம் இருந்தது. சமையலுக்கு, லொறிக்கு, ரோட்டு வேலைக்கு, சலவைக்கு ஆள் வேண்டியிருந்தது. காக்கி கொடுத்தார்கள், ரேஷன் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் சிப்பாய்கள் இல்லை, ஒவ்வொரு சிப்பாய்க்கும் ராணுவம் கொடுக்கிற படை எண்ணும் அவர்களுக்குக் கிடையாது. ‘மௌண்ட்பேட்டனிடம் வேலை பார்த்தார்’ என்று வீட்டில் சொல்லும் கதை இந்த வகையில் அடங்கினால், உலகத்தின் எந்த ராணுவப் பதிவகத்திலும் அவர் பெயர் வராது. அவரைத் தேடவேண்டிய இடம் தோட்டத்துத் தாள்களும் வாய்மொழியும்தான்.

இன்னொரு சிறு கூட்டமும் உண்டு: மலாயாவில் இருந்து சுபாஸ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த உறவினர்கள். அவர்களுக்கு டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகம்தான் வழி. அதன் ‘அபிலேக் படல்’ என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பட்டியலைத் தேடலாம்.

பெட்டிக்குள் இருக்கும் சாட்சி

எந்தக் கூட்டம் என்பதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி, வீட்டில் வயதானவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்பது. ‘எந்த ரெஜிமென்ட்?’ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எப்படிப் போனார், எங்கிருந்து காகிதம் வந்தது என்று கேட்டால் சொல்வார்கள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு அத்தையிடம் கேட்டபோது பேச்சு இப்படிப் போனது:

“அத்தை, மாமா பட்டாளத்துக்குக் கொழும்புல கப்பல் ஏறித்தான் போனாங்களா?”

“கப்பலா? இல்லப்பா. தலைமன்னார் வழியா ஊருக்குப் போனாங்க. அங்கதான் பேர் குடுத்து சேந்தாங்க. காயிதமெல்லாம் பெங்களூர்லயிருந்துதான் வரும்.”

இதற்கு மேல் லண்டனுக்கு எழுத என்ன இருக்கிறது? தலைமன்னாரில் படகேறி தனுஷ்கோடியில் இறங்கியவர் என்றால் இந்திய ராணுவம் என்று அநேகமாக முடிவுகட்டலாம். பெங்களூர் என்றதும் மதராஸ் சேப்பர்ஸ் (இந்திய ராணுவத்தின் பொறியியல் படை) என்று மட்டும் குதித்துவிடக்கூடாது. போர்க்காலத்தில் பல பிரிவுகள் அங்கே இருந்தன.

வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாதவர்களும் சம்பவத்தை வைத்துச் சொல்வார்கள். ‘ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு முந்தி’ என்றால் 1942 ஏப்ரல் 5க்கு முன்னால். அன்றுதான் கொழும்பில் குண்டு விழுந்தது, நான்கு நாள் கழித்து திருகோணமலையில். இப்படி ஒரு முன்பின் கிடைத்தாலே சேர்ந்த வருஷத்தை ஓரளவு குறுக்கிவிடலாம்.

அடுத்தது பதக்கம். பித்தளை நிறத்தில் ஆறு முனை நட்சத்திரம், நடுவில் கிரீடமும் அரசரின் முதலெழுத்துகளும், சுற்றி வட்டத்தில் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் படியுங்கள். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூனுக்கும் 1943 மேக்கும் இடையில் வட ஆப்பிரிக்கப் பக்கம் இருந்தவர். இத்தாலி ஸ்டார் 1943 ஜூனிலிருந்து. பர்மா ஸ்டார் கண்டித் தலைமையகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த சிப்பாய்க்குக் கிடைத்திருக்காது; பர்மா, அஸ்ஸாம், வங்காளம் என்று களத்துக்குப் போயிருக்க வேண்டும். ரிப்பன் மட்டும் மிஞ்சியிருந்தாலும் பரவாயில்லை: மணல் நிறத்தில் நடுவே சிவப்புக் கோடு ஓடினால் ஆப்பிரிக்கா, கருநீலத்துக்கு நடுவே சிவப்பும் இரண்டு பக்கம் ஆரஞ்சும் என்றால் பர்மா.

வட்டப் பதக்கமாக இருந்து, பின்புறம் இந்திய வரைபடம் பொறித்திருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல். இந்தியப் படைகளில் இருந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. அதைக் கண்டதுமே பிரிட்டன் வழியை மூடிவிடலாம். பதக்கத்தின் ஓரத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிப் பாருங்கள். இரண்டாம் யுத்தப் பதக்கங்களில் பிரிட்டன் தன் தரைப்படையினருக்குப் பெயர் பொறித்துக் கொடுக்கவில்லை. ஓரத்தில் எண்ணும் பெயரும் வெட்டியிருந்தால் இந்தியப் பக்கம் சந்தேகப்படலாம். முதலாம் யுத்தப் பதக்கங்களில் மாறாகப் பெயர், எண், பிரிவு எல்லாம் ஓரத்திலேயே இருக்கும். பிராசோ போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓர எழுத்தை அழித்துவிட்ட வீடுகளும் இருக்கின்றன. தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய புதையல், பிரிட்டிஷ் சிப்பாய்கள் சட்டைப் பையில் வைத்திருந்த சம்பளப் புத்தகம். பழுப்பு அட்டை போட்ட கையகலப் புத்தகம். படை எண், சேர்ந்த தேதி, பிறந்த இடம், நெருங்கிய உறவினர் பெயர், போட்ட தடுப்பூசிகள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். இறந்துபோனால் யாருக்கு என்று எழுதி வைக்க உயில் பக்கம்கூட உண்டு. இது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. படை எண் மட்டும் எங்காவது ஒரு துண்டுத் தாளில் கிடைத்தாலும் அதைத் தங்கமாகப் பாதுகாக்க வேண்டும். முத்துசாமி, முத்துச்சாமி, மூட்டுசாமி என்று ஆங்கிலத்தில் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள், எண் மாறாது.

தோட்டத்துத் தாள்கள்: எதை நம்பலாம்?

செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேடு கிடைத்தால் ஒரு ஆள் எந்த மாதம் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) வரவில்லை என்று தெரிந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுக்கு மாறின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய ரெஜிஸ்டர்கள் தொலைந்தன, கரையான் தின்றது, ஆபிஸ் மாறும்போது எரித்தார்கள். பெரிய கிளாக்கர் நல்ல மனுஷராக இருந்தால் ஸ்டோரைத் திறந்து காட்டுவார். 1940களின் செக்ரோல் அங்கே இருக்கும் என்று நம்பி லீவு போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அதைவிட எனக்கு நம்பிக்கை அதிகமுள்ளது பிரஜாவுரிமை விண்ணப்பம். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 1951 ஆகஸ்ட் 5க்குள் நம் ஆட்கள் விண்ணப்பித்தார்கள். 1946 ஜனவரி 1க்கு முன்னால் கல்யாணமானவர் ஏழு வருஷமும் ஆகாதவர் பத்து வருஷமும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, யுத்த வருஷங்களில் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் அந்த விண்ணப்பத்தின் உயிர். அந்த ஏழு பத்து வருஷத்துக்குள் ஒருவர் தீவில் இல்லாமலிருந்தால், அது அந்த ஃபைலில் எங்காவது பிரச்சினையாக எழும்பியிருக்கும். மறுத்து அனுப்பிய கடிதத்தில் ‘இன்ன காலத்தில் இலங்கையில் இல்லை’ என்று ஒரு வரி இருந்தால், அது குடும்பத்துக்கு அன்று பெரிய இடி. இன்று உங்களுக்கு அதுவே தேதி போட்ட சாட்சி. பழைய தகரப் பெட்டியில் இருக்கும் இந்தக் கடிதங்களை யாரும் பட்டாளத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

இலங்கை அலுவலகங்கள்

பாதுகாப்புப் படையில் இருந்தவர் என்று தெரிந்தால் இலங்கை ராணுவத்துக்குத்தான் எழுதவேண்டும். 1949 அக்டோபர் 10இல் உருவான இலங்கைத் தரைப்படை அந்தப் பழைய படையின் வாரிசு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்பது, சும்மா கடிதம் எழுதுவதைவிட நல்லது. காரணம் எளிது: சாதாரணக் கடிதத்துக்குப் பதில் எழுத யாருக்கும் கடமையில்லை, சட்டத்தின் கீழ்க் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் ஒரு தீர்மானம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. தமிழிலேயே எழுதலாம். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஒரு நிபந்தனை, இலங்கைப் பிரஜைதான் கேட்க முடியும். கனடாப் பிரஜையாகிவிட்ட பேரன் நுவரெலியாவில் இருக்கும் சித்தப்பா பெயரில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் வேறு ஜாதி. அங்கே போய் ‘தாத்தாவின் ஃபைல்’ என்று கேட்பதில் பயனில்லை. காலனி அரசின் வர்த்தமானிகள் (அரசிதழ்கள்), பழைய பத்திரிகைகள் எல்லாம் அங்கே உண்டு. பாதுகாப்புப் படை அதிகாரிகளின் நியமனம் வர்த்தமானியில் வந்தது, சாதாரணச் சிப்பாய் பெயர் வராது. 1930இல் தொடங்கிய வீரகேசரியின் போர்க்கால இதழ்களைப் புரட்டினால் நாட்டு நிலைமை தெரியும், ஆளைக் கண்டுபிடிப்பது அதிர்ஷ்டம். பின்னணி எழுத விரும்புகிறவர்கள் போகலாம், ஆதாரம் வேண்டுகிறவர்கள் அவசரப்படவேண்டாம்.

பிரிட்டனா, இந்தியாவா?

செலவழிப்பவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பிரிட்டனின் பெரிய பலம் ஒழுங்கு. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு தன்னிடம் இருந்த 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட சேவைப் பதிவுகளை 2022இலிருந்து லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றத் தொடங்கியது. பட்டியலை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். பெயர், பிறந்த தேதி, படை எண் மூன்றும் பொருந்தினால் சந்தேகம் தீர்ந்தது. பிறந்து 115 வருஷம் ஆகாதவருடைய ஃபைல் மூடியே இருக்கும். மரணச் சான்றிதழ் காட்டினால் திறக்கக் கேட்கலாம். அங்கேதான் நமக்குச் சிக்கல் வரும்: தோட்டத்தில் பதிந்த மரணச் சான்றிதழில் ஒரு பெயர், பட்டாளத்தில் கொடுத்த பெயர் வேறு. தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போட்டிருப்பார்கள், அல்லது முழுப்பெயராகவே எழுதியிருப்பார்கள். இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முன்கூட்டியே எடுத்து, தமிழிலோ சிங்களத்திலோ இருக்கிற சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பலவீனம் என்ன? அது பிரிட்டிஷ் படையின் ஃபைல் கிடங்கு. இந்திய ராணுவத்துச் சிப்பாயின் ஃபைல் அங்கே இல்லை. இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் துறையான ‘இந்தியா ஆபிஸ்’ பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சேவைப் பதிவு என்று பார்த்தால் அங்கே அதிகாரிகளுடையதுதான் தேறும், சாதாரணச் சிப்பாய்களுடையது தேறாது. முதலாம் யுத்தத்துச் சிப்பாய் என்றால் இன்னும் மோசம்: 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஃபைல்களில் பாதிக்கு மேல் எரிந்து போயின.

இந்தியாவில் ஒரே கூரையின் கீழ் எதுவும் இல்லை. ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் அதன் பதிவு அலுவலகம் உண்டு. மதராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மதராஸ் சேப்பர்ஸுக்கும் பயனியர் கோருக்கும் பெங்களூர், சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவு என்றால் ஜபல்பூர். பிரிவு தெரியாமல் எழுதினால் காகிதம் வீண். தெரிந்து, எண்ணோடு எழுதினால் நம்பிக்கை வைக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். கடிதத்தில் பிறந்த ஊர், தாலுகா, ஜில்லா, தகப்பன் பெயர் நான்கையும் கட்டாயம் எழுதுங்கள். அவர் சேர்ந்தது அந்த ஊர்க்காரராகத்தான், ‘பதுளைக்காரர்’ என்று அவர்கள் புத்தகத்தில் இருக்காது.

இந்தியப் பக்கத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். அப்படிப் போன குடும்பங்களில் பல கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமே குடியேறின. தாத்தாவோ அவருடைய தம்பியோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப்போரில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை கொடுத்துவருகிறது. அதை வாங்கியவர் என்றால் படை எண்ணும் பிரிவும் அந்த விண்ணப்பத்திலேயே இருக்கும். இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டமும் இந்தியக் குடிமக்களுக்குத்தான், ஆகவே அங்கேயும் உறவுக்காரர் கையெழுத்துத்தான் செல்லும். ஒப்பந்தம் பிரித்துப்போட்ட குடும்பத்துக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கரையிலும் ஆள் இருக்கிறது.

ஆக, என் தீர்ப்பு: பதக்கமோ சம்பளப் புத்தகமோ பிரிட்டிஷ் படை என்று உறுதியாகச் சொன்னால் கியூவுக்கு எழுதுங்கள், அது விரைவில் தெளிவான பதில் தரும். மற்ற எல்லாச் சந்தேகக் கேஸ்களிலும் இந்தியாவை முதலில் பாருங்கள். ‘கிடைக்காது’ என்று எல்லோரும் சொல்வதால் யாரும் கேட்காத வழி அது.

இறந்தவரைத் தேடுவது தனி

போரிலேயே இறந்துபோனவர் என்றால் மேலே சொன்ன எதற்கும் போகாமல், முதலில் பொதுநலவாய போர்க் கல்லறை ஆணைக்குழுவின் தளத்தில் தேடுங்கள். இலவசம், பத்து நிமிஷ வேலை. 1939 செப்டம்பர் 3இலிருந்து 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்கள் அதில் அடங்குவார்கள், சண்டையில் செத்தாலும் சரி, காய்ச்சலில் செத்தாலும் சரி. இந்தியச் சிப்பாய் என்றால் பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். பெயரில் தேடித் தோற்றால் ஊர்ப் பெயரில் தேடிப் பாருங்கள்.

கண்டி போர்க் கல்லறையில் சுமார் 200 பேர்தான், கிழக்கு ஆப்பிரிக்கர், பிரிட்டிஷார், இந்தியர், இலங்கையர் என்று கலந்து. நம்மவர்களில் பலருக்குக் கல்லறையே இருக்காது, ஏனென்றால் இந்துச் சிப்பாய்களை அந்தந்த இடத்தில் தகனம் செய்தார்கள். பர்மாவில் தௌக்யான், மணிப்பூரில் இம்பால் இரண்டு இடத்திலும் தகன நினைவுச் சின்னம் என்றே தனியாக இருக்கிறது. தௌக்யானில் ஆயிரத்துக்கு மேல், இம்பாலில் 868 பெயர். உடல் கிடைக்காதவர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்திலும் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் இருக்கிறார்கள். கல்லறைப் படம் தேடுவதை விட்டு இந்தப் பட்டியல்களைப் பாருங்கள்.

இந்த வழியின் குறை வெளிப்படை: உயிரோடு திரும்பிவந்து தோட்டத்தில் செத்தவர் அதில் வரமாட்டார்.

காசு கொடுத்துத் தேடலாமா?

வருஷச் சந்தா கட்டும் வெளிநாட்டுத் தளங்களில் பெரும்பகுதி பிரிட்டிஷ், அதிலும் முதலாம் யுத்தம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சந்தா கட்டி, அதே பெயரில் கிடைத்த வேறொருவரைத் தாத்தா என்று அச்சடித்துக் கல்யாண வீட்டில் கொடுத்தேவிட்டது. தெரியாத பெயருக்குப் பொருத்தம் காட்டுவது அந்தத் தளங்களின் வியாபாரம். இலவசத் தவணையில் ஒரு தடவை பார்த்துவிட்டு விடுங்கள்.

மணிக்கணக்கில் காசு வாங்கும் ஆராய்ச்சியாளரும் ஒரு கட்டத்துக்குப் பிறகு தேவைப்படலாம், ஆனால் அந்த வேலைக்கு நம் ஆட்களுக்கு வேறு வசதி இருக்கிறது. ஆளுடைய ஃபைல் கிடைக்காமல், அவர் இருந்த பிரிவு மட்டும் தெரிந்திருந்தால், அந்தப் பிரிவின் போர் நாட்குறிப்பைப் பார்க்கலாம். எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தார்கள், எப்போது கப்பல் ஏறினார்கள், எங்கே குண்டு விழுந்தது என்று நாளுக்கு நாள் எழுதியிருக்கும். சிப்பாயின் பெயர் அபூர்வமாகத்தான் வரும், ஆனால் அவர் நடந்த பாதை முழுவதும் கிடைத்துவிடும். எனக்கு உண்மையில் சேவை ஃபைலைவிட இது பிடிக்கும். ஃபைலில் தடுப்பூசித் தேதியும் தண்டனையும்தான் இருக்கும், நாட்குறிப்பில் வெயிலும் மழையும் இருக்கும்.

இவை கியூவில் இருக்கின்றன. ‘டபிள்யூ.ஓ.’ என்று தொடங்குவது பிரிட்டிஷ் போர் அமைச்சின் ஆவணத் தொடர்: மத்திய கிழக்குப் படைகள் என்றால் டபிள்யூ.ஓ. 169, இத்தாலிப் பக்கம் டபிள்யூ.ஓ. 170, பர்மாவும் இலங்கையும் அடங்கிய தென்கிழக்காசியம் டபிள்யூ.ஓ. 172. வாசகர் அட்டை இலவசம், சொந்த கேமராவிலோ போனிலோ படம் எடுக்கவும் காசு இல்லை. லண்டனில் அக்கா மகனோ ஒன்றுவிட்ட தம்பியோ இல்லாத குடும்பம் இப்போது குறைவு. பட்டியலில் நீங்களே தேடி, தொடர் எண், துண்டு எண் (அந்தத் தொடருக்குள் அந்த ஆவணத்தின் எண்), பிரிவின் பெயர், வருஷம் நான்கையும் எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போகும் நாளுக்கு முன்பே ஆவணத்தை முன்பதிவு செய்யச் சொல்லுங்கள், அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்று விடாமல் படம் பிடிக்கச் சொல்லுங்கள்; பின்னிணைப்புகளில்தான் சில நேரம் ஆள் பட்டியல் ஒளிந்திருக்கும்.